செம்பல் அனுப்பிய தகவல்

எங்கள் ஊர் கபிலேக்கு வந்து சமதர் வீடு எங்கே என்று கேட்டால், எந்தச் சமதர் என்று திருப்பிக் கேட்பார்கள். செம்பல் வீடு என்று கேட்டால் ஆடு மேய்க்கிற பிள்ளைகூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். எங்கள் பக்கத்தில் மனிதனுக்கு அப்பன் வைக்கிற பேர் ஒன்று, ஊர் வைக்கிற பேர் ஒன்று. அப்பன் வைத்தது கல்யாணத்துக்கும் சாவுக்கும். நடுவில் இருக்கிற நாளுக்கெல்லாம் ஊர் வைத்ததுதான். நொண்டியை நொண்டி என்றும் மாறுகண்ணனை மாறுகண் என்றும் முகத்துக்கு நேரே கூப்பிடுவோம், அவனும் "என்ன?" என்று திரும்புவான். கோபித்துக்கொள்கிறவனுக்கு அதைவிட மோசமான பேர் ஒன்று வந்து சேரும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சமதர் வளர்ந்தது ஹவ்த் மேய்ச்சல் காட்டில். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் என்ன இருந்ததோ, பால்பல் விழுந்து முளைத்த பல் எல்லாம் செம்மண் பூசினாற்போல வந்தது. கூட ஒட்டகம் மேய்த்த பையன்களுக்கும் அப்படியே இருந்ததால் அது ஒரு குறை என்று பதினாலு வயதுவரை அவருக்குத் தெரியாது. அண்ணன் கூலேத், கபிலேயிலிருந்து அர்தோவைக் கட்டிக் கூட்டிவந்த அன்று, குடிசை வாசலில் பால் குடுவையோடு நின்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தான் பையன். பத்தொன்பது வயதுப் புதுப்பெண், தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியவள், வாய்விட்டுச் சிரித்து, "யாரு இந்தச் செம்பல்?" என்று கேட்டுவிட்டாள். சுற்றி நின்ற நாற்பது பேர் காதில் அது விழுந்தது. அன்றைக்கு ஒட்டியது இன்றுவரை உரியவில்லை.

இப்போது அவருக்கு ஐம்பத்து நாலு. தாடிக்கு மருதாணி போடுகிறார்; பல்லுக்குத் தோதாக இருக்கிறது என்று டீக்கடையில் சொல்வார்கள். வேலை, மாவட்ட வேளாண் அலுவலகத்தில் வெட்டுக்கிளி பார்ப்பது. மோட்டார் சைக்கிளில் ஏறிக் காடு கழனியெல்லாம் சுற்றி, எங்கே முட்டை, எங்கே குஞ்சு, எங்கே பறக்கிற கூட்டம் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். படித்து வந்த வேலை இல்லை. ஒட்டகத்தின் பின்னால் நடந்த காலத்திலேயே தெரிந்தது. பச்சையாக ஒன்றிரண்டு தத்தினால் கவலையில்லை. அதே குஞ்சு மஞ்சளும் கறுப்புமாக மாறித் தோளோடு தோள் உரச நடக்க ஆரம்பித்தால், அந்த ஊர் சோளத்தை மறந்துவிட வேண்டியதுதான். சமதர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தே முட்டை இருக்கிறதா என்று சொல்வார் என்று பேச்சு உண்டு. அது பொய். ஆனால் அவர் அதை மறுத்ததில்லை.

அவருடைய அப்பா கடுமையான ஆள். காட்டுவழியில் எதிரே வருகிறவன் பகையாளியாகவே இருந்தாலும், மழை எங்கே, கழுதைப்புலி எங்கே, வெட்டுக்கிளி எங்கே என்று சொல்லிவிட்டுத்தான் கடந்துபோக வேண்டும் என்பார். தகவலை மறைக்கிறவன் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சமதருக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். சம்பளம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

நாடு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் கொடி இருக்கிறது, நாணயம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, தேர்தலில் தோற்றவன் முனகிக்கொண்டாவது வீட்டுக்குப் போகிற நல்ல பழக்கம் இருக்கிறது. பிரிந்து வந்துவிட்டோம் என்று சொல்லி, இந்தக் கதை நடந்த ஜூனோடு இருபத்தொன்பது வருஷம். இல்லாதது ஒன்றே ஒன்று. சோமாலிலாந்து என்று ஒரு நாடு இருப்பதாக வேறு எவனும் சொல்லவில்லை. உலகத்துச் சபைகளில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. வரைபடத்தில் எங்கள் மேல் வேறொருவன் பேரை எழுதிவைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் குடியிருந்துகொண்டே, வாசலில் அடுத்தவன் பேர்ப்பலகையைப் பார்ப்பது போன்ற வாழ்க்கை. பழகிவிட்டது என்று சொல்வோம். பழகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜிபூத்தியில் பத்து நாள் பயிற்சி நடந்தது. வெட்டுக்கிளி பார்க்கிறவர்களுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். பார்த்த இடத்தில் நின்று விவரத்தை நிரப்பித் தட்டினால், எங்கோ இருக்கிற உலக வெட்டுக்கிளி அலுவலகத்துக்கு அது போய்ச் சேரும்; அவர்கள் வாராவாரம் படம் போட்டு, மருந்தடிக்கிற விமானத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். முதல் கட்டம் நாடு. தட்டினால் பட்டியல் விரியும். சமதர் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். மூன்று முறை மேலிருந்து கீழே போனார். வேண்டிய பேர் இல்லை.

பாடம் நடத்தியவர் நல்ல மனிதர். "சோமாலியான்னு போட்டுடுங்க. உங்க பக்கம் அதுதானே," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜிபூத்திக்காரன் கெத்தி, சமதர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சை எடுத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் ஒரு முடிவு கண்டார். நாடு என்ற கட்டத்தில் ஜிபூத்தி என்று தட்டினார். அந்த நாட்டின் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை; பத்து நாளும் வறுத்த மீன் போட்டார்கள். குறிப்பு எழுதுகிற இடத்தில் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில், "இது உண்மையில் சோமாலிலாந்து, கபிலே மாவட்டம். மேலே இருப்பது தவறு. தவறு என்னுடையது அல்ல," என்று எழுதினார். அனுப்பியதும் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது. படிக்கிறவனுக்குப் புத்தி இருந்தால் புரிந்துகொள்வான் என்று நிம்மதியாகிவிட்டார். இப்படியே இரண்டு பருவம், அறுபத்தோரு தகவல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைக் குறி. உலகத்தில் ஏதோ ஒரு மேசையில், அறுபத்தோரு முறை எங்கள் நாட்டின் பேரை யாரோ ஒருவர் படித்திருக்கிறார் என்று டீக்கடையில் சொல்லிப் பெருமைப்படுவார். கேட்டவர்களுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஜூனில் மழை நல்ல மழை. சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. கபிலேக்கு மேற்கே, மணல் ஆற்றங்கரையில் அர்தோவின் நிலம். கூலேத் செத்த பிறகு தனியாகவே உழுது மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். திங்கட்கிழமை அந்தப் பக்கம் போன சமதர், ஆற்றின் மறுகரையில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தரை நகர்ந்துகொண்டிருந்தது. மஞ்சளும் கறுப்புமாக, கண்ணுக்கு எட்டியவரை. ஒன்றைப் பிடித்து முதுகைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு தோல் உரிக்க வேண்டும், உரித்தால் சிறகு. ஆறு நாள், மிஞ்சினால் எட்டு நாள். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆற்றைத் தாண்டினால் முதல் வயல் அண்ணியுடையது.

அங்கேயே நின்று நிரப்பி அனுப்பினார். பச்சைக் குறி வந்தது. அறுபத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை நடுப்பகல், டீக்கடையில் இரண்டாவது கோப்பையை வாயில் வைக்கும்போது ஜிபூத்தியிலிருந்து கெத்தி போனில் கூப்பிட்டான்.

"யோவ் செம்பல், கபிலேங்குற ஊரு எங்க நாட்டுக்குள்ள எப்பய்யா வந்துச்சு?"

"என்ன உளர்றே?"

"நான் எங்க உளர்றேன்? மேலேருந்து எனக்குக் கேள்வி வந்திருக்கு. ஜிபூத்தியில கபிலேனு ஒரு எடத்துலேருந்து அறுபத்திரண்டு தகவல் வந்திருக்காம். அது எங்க இருக்கு, நேர்ல போய்ப் பாத்துட்டு வான்னு. நான் எங்க போக? கடலுக்குள்ள குதிக்கவா?"

சமதருக்குச் சிரிப்பு வந்தது. "எடந்தான் தானாப் பதிவாகுதே. பாத்தாத் தெரியாதா?"

"பதிவாகுது. எடம் உங்க ஊரைக் காட்டுது, பேரு எங்க நாட்டைச் சொல்லுது. ரெண்டும் ஒத்து வரலேன்னா மெஷின் அதைத் தூக்கிச் சந்தேகப் பெட்டியில போட்டுடும். உன்னோடது அத்தனையும் அதுலதான் கெடக்கு. படத்துல உன் பக்கம் ஒரு புள்ளிகூடக் கெடையாது, மச்சான்."

"பச்சைக் குறி வந்துச்சே."

"வந்து சேந்துச்சுன்னு அர்த்தம். படிச்சாங்கன்னு அர்த்தம் இல்ல."

"ஒருத்தன்கூடவா படிக்கல?"

"ஈ காக்கா படிக்கல. இன்னைக்குத்தான் நான் படிச்சேன். 'தவறு என்னுடையது அல்ல'ன்னு எழுதியிருக்கே பாரு, அதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல. ஒண்ணு செய். விமானம் எந்தப் பக்கம் போவுதுன்னு வியாழக்கிழமை காலையில முடிவு பண்ணுவாங்க. அதை விட்டா அடுத்த சுத்துக்குப் பத்து நாள். அதுக்குள்ள பயிற்சியில சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தொட்டு அனுப்பிடு. ஒரு விரலு, ஒரு நொடி."

"உன் நாடு பட்டியல்ல இருக்கு. நீ பேசுவே."

சமதர் போனை வைத்தார். டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது.

இரண்டு வருஷம் கத்தியது எவன் காதிலும் விழவில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? சமதருக்கு உடம்பெல்லாம் கூசியது. டீக்கடையில் அடித்த பெருமையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

நேரே அலுவலகத்துக்குப் போனார். அலுவலகத் தலைவர் அவாலே, மேசையில் ஒரு மின்விசிறியை வைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறவர். அலுவலகத்தில் கைத்தெளிப்பான் மூன்று. அதில் இரண்டு ஓட்டை. மருந்து இரண்டு பீப்பாய். விமானம் இல்லாமல் இது ஆகாது என்று அவருக்கும் தெரியும்.

"தலைவரே, அந்தப் பேரைப் போட்டாத்தான் விமானம் வருமாம்."

"எந்தப் பேரை?"

"அந்தப் பேரைத்தான்."

அவாலே எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பாருங்க சமதர். அந்தப் பேரு போட்ட காகிதம் எதுவும் நம்ம ஆபீஸை விட்டு வெளிய போகக் கூடாது. மேலிடத்து உத்தரவு. போனா உங்க வேலையும் போவும், என் வேலையும் போவும்."

"அப்ப அனுப்பவேணாங்குறீங்களா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"அனுப்பவா?"

"அதையும் நான் சொல்லல. டேப்லெட் காகிதமா இல்லையான்னு உத்தரவுல இல்ல. எனக்கு வயித்தை வலிக்குது, நான் வீட்டுக்குப் போறேன். வியாழக்கிழமை மத்தியானம்தான் வருவேன்." மின்விசிறியை அணைத்துவிட்டுக் கிளம்பினார். கதவருகே நின்று, "அர்தோ வயலாமே?" என்று கேட்டார். சமதர் ஆமாம் என்றார். அவாலே தரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

சமதருக்கு அந்தப் பேரோடு இருக்கிற வழக்கு அரசியல் வழக்கு இல்லை. எண்பத்தெட்டாம் வருஷம் எங்கள் ஊர்களின் மேல் குண்டு போட, அந்தப் பேரில் எங்களை ஆண்ட அரசு அனுப்பிய விமானங்கள் வெளியூரிலிருந்து வரவில்லை. இன்று எங்கள் தலைநகரான ஹர்கெய்சாவின் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி, அதே ஹர்கெய்சாவின் மேல் போட்டுவிட்டு, அங்கேயே வந்து இறங்கின. ஜனங்கள் எல்லைப் பக்கம் நடந்தார்கள். நடக்கிற ஜனத்தையும் விடவில்லை. கூலேத் லாரி ஓட்டுகிறவன், துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன். கைக்குழந்தையை முதுகில் கட்டியிருந்த அர்தோவை ஒரு பள்ளத்தில் தள்ளிவிட்டு, மூத்த இரண்டையும் தூக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் அவன் உடம்புக்கு அடியில் உயிரோடு இருந்தன. சமதர் அப்போது ஒட்டகங்களோடு தெற்கே இருந்தார். பதினாறு நாள் கழித்து, எல்லைக்கு அப்பால் ஹர்தஷேக் அகதி முகாமில், தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அந்த விமானத்தை ஓட்டியவன் என்ன பேரைச் சொல்லி ஓட்டினானோ, அந்தப் பேரைத் தன் கையால் தொடுவதில்லை என்று அவர் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. செய்து கொடுக்காத சத்தியமாகவே முப்பத்திரண்டு வருஷம் காப்பாற்றிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை காலை வயலுக்குப் போனார். அர்தோவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆற்றங்கரையில் நீளமாகப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். தகரத்தைத் தட்டிக் குஞ்சுகளைப் பள்ளத்துக்குள் விரட்டி மேலே மண்ணைத் தள்ளுவது. சமதரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். பகல் முழுக்க வெட்டினார்கள். மாலைக்குள் பள்ளம் நிரம்பிவிட்டது. பின்னால் வந்தவை செத்தவற்றின் மேலேயே நடந்து இந்தக் கரைக்கு வந்தன. வயலின் மேற்கு வரப்பில் நாலு வரிசை சோளம் வெறும் தண்டாக நின்றது.

அர்தோ மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "விமானம் வரும்னியே. எங்க?"

சமதர் சொன்னார். ஜிபூத்தி, மீன், சந்தேகப் பெட்டி, வியாழக்கிழமை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் மீனுக்குச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஆக, ஒரு பேரைத் தொட்டா வரும்."

"ஆமா அண்ணி."

"தொடமாட்டே."

"எப்படித் தொடுவேன்? உங்களுக்கா நான் சொல்லணும்?"

"எனக்கு நீ ஒண்ணும் சொல்லவேணாம்." அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு அந்தப் பள்ளத்துல நான் கெடந்தேன். நீ இல்ல. அவரு அடியிலேருந்து புள்ளைகளை இழுத்து எடுத்தது நானு. நீ ஒட்டகத்தோட இருந்தே. அந்தக் கோவம் என்னோடதுடா. நீ அதை எடுத்துட்டுப் போய் வச்சுக்கிட்டு ஊர் ஊராச் சுத்துறே. ஒருநாளாச்சும் எங்கிட்டக் கேட்டியா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் அண்ணி அந்த நாளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு உன் பல்லைப் பாத்துட்டு நான் ஒரு பேரு வச்சேனே. உன்கிட்டக் கேட்டுட்டா வச்சேன்?"

"இல்ல."

"அதைச் சொல்லிக் கூப்பிட்டா இன்னைக்கும் திரும்புறே இல்ல? திரும்புனதால உங்கப்பா வச்ச பேரு போயிடுச்சா?"

"கேலிப் பேரு வேற அண்ணி. அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு வந்துதான் அண்ணனைக் கொன்னாங்க."

"கொன்னவனை நான் மன்னிக்கல. சாகுற வரைக்கும் மன்னிக்கமாட்டேன். ஆனா இந்தச் சோளம் போச்சுன்னா நாளைக்கு நான் உன் வாசல்லதான் வந்து நிக்கணும். அவரு பேரனுங்களைக் கூட்டிக்கிட்டு. அதுக்கு அவரு அன்னைக்கு எங்களைக் காப்பாத்தியிருக்கவே வேணாம்." அவள் எழுந்து கையை மண்ணில் தேய்த்துக்கொண்டாள். "எங்க சிக்னல் கெடைக்கும்?"

வயலுக்கு வடக்கே இருந்த மேட்டில்தான் கிடைக்கும். இரண்டு பேரும் ஏறினார்கள். சூரியன் இன்னும் முழுதாக மறையவில்லை. சமதர் டேப்லெட்டை எடுத்து, திங்கட்கிழமைத் தகவலைத் திறந்து, நாட்டின் கட்டத்தை விரித்தார். விரல் அதற்குமேல் போகவில்லை. அவருக்குத் தம்மேலேயே அருவருப்பாக இருந்தது. தொட்டாலும் அருவருப்பு, தொடாவிட்டாலும் அருவருப்பு.

"எந்த வரி?" என்றாள் அர்தோ. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

அவர் காட்டினார். மருதாணி வெளுத்து, மண் ஏறிய தன் ஆள்காட்டி விரலால் அவள் அதைத் தட்டினாள். முதல் தட்டு பதியவில்லை, விரல் காய்த்துப்போயிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். பதிந்தது.

"இனி என்ன?"

"பாத்தவர் பேரு கேக்குது."

அது வழக்கமாகத் தானாக வந்து நிற்கிற கட்டம். சமதர், அப்பா பேர், தாத்தா பேர், மூன்று தலைமுறையும் வரிசையாக. சமதர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்றையும் அழித்துவிட்டு இல்க-அஸே என்று எழுதினார். செம்பல் என்பதற்கு எங்கள் வாயில் அதுதான் சொல்.

"என்னடா எழுதுன?"

சொன்னார். "நாட்டுக்கு ஊரான் வச்ச பேரு. அப்ப எனக்கும் நீங்க வச்ச பேரே இருக்கட்டும். எங்கப்பா பேரை இதோட சேத்து அனுப்பமாட்டேன்."

அன்று முதல்முறையாக அர்தோ சிரித்தாள். பச்சைக் குறி வந்தது. அவர் அதை நம்பாமல் கெத்திக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை காலை கெத்தியே கூப்பிட்டு, "மச்சான், படத்துல புள்ளி விழுந்துடுச்சு. சனிக்கிழமை விமானம். யாருய்யா அந்த இல்க-அஸே? பெரிய வேலைக்காரனா இருக்கானே?" என்றான்.

ஒரு மாதம் கழித்து, அந்தப் பேரைப் போட்டுத் தகவல் அனுப்பிய இல்க-அஸே என்கிற ஊழியர் யார், அவர் மேல் நடவடிக்கை எடுத்தாயிற்றா என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அவாலே மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அப்படி ஒரு பேருடைய ஊழியர் எங்கள் பட்டியலில் இல்லை என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அது பிறகு நடந்தது. சனிக்கிழமைக்கு வருவோம்.

ஆடு மாடுகளைக் காலையிலேயே ஓட்டிப்போய்விட்டார்கள். தண்ணீர்த் தொட்டிகளை மூடினார்கள். வயலின் மூலையில் ஒருவர் நின்று துணியை ஆட்ட வேண்டும்; விமானி அதைப் பார்த்துத்தான் எங்கே தொடங்குவது என்று கணக்குப் பண்ணுவான். அது சமதரின் வேலை. அடுத்த வயல்காரர் தம் வீட்டிலிருந்து நம் நாட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு வந்தார். "இதை ஆட்டுங்க. வந்தவன் யார் நாட்டுக்கு வந்தோம்னு தெரிஞ்சுக்கட்டும்."

சமதருக்கும் ஆசைதான். ஒரு நிமிஷம் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அல்லா பேரோட கலிமா எழுதியிருக்கு. மருந்து படும். உள்ள கொண்டுபோய் வைங்க." அர்தோ தன் மஞ்சள் முக்காட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். அதை ஒரு நீண்ட கொம்பில் கட்டிக்கொண்டு மூலையில் போய் நின்றார்.

விமானம் ஹர்கெய்சா பக்கத்திலிருந்து வந்தது. சின்ன விமானம். முதலில் சத்தம், பிறகு புள்ளி. வரப்பில் நின்ற சிறுபிள்ளைகள் குதித்துக் கையை ஆட்டின. தாழப் பறக்கும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தது. அது தெரியும், எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், சத்தம் கிட்டே வந்ததும், ஐம்பது வயது தாண்டியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தரையில் விழுந்தார்கள். அர்தோ உழவுசாலில் குப்புற விழுந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். முதுகை வளைத்துக்கொண்டு கிடந்தாள், குழந்தை இன்னும் அங்கேயே கட்டியிருக்கிற மாதிரி. பிள்ளைகள் அதைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தன.

ஓடு என்றது சமதரின் உடம்பு. அண்ணன் ஓடவில்லை என்பது அவருக்கு ஏனோ அப்போதுதான் உறைத்தது; பிள்ளைகளைத் தூக்கப் போனவன் ஓடியிருக்கமாட்டான். கொம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். காற்று தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போனது. மருந்து நெடி வந்து இறங்கியது. வேறு எதுவும் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். மருந்தின் நெடி என்று பிறகு சொல்லிக்கொண்டார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

விமானம் ஆற்றுக்கு மேலே வட்டமடித்துத் திரும்பியது. உழவுசாலிலிருந்து அர்தோ எழுந்தாள். முகமெல்லாம் செம்மண். வானத்தைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள், மூலையில் துணியைத் தாழவிட்டபடி நிற்கிறவரைப் பார்த்தாள்.

"செம்பல்! என்னடா நிக்கிறே? திரும்பி வருது பாரு, ஆட்டுடா! ஒசத்தி ஆட்டு!"

"இதோ அண்ணி," என்று செம்பல் கொம்பை உயர்த்தினார்.